நாற்பத்தோராவது அடிக்குறிப்பு

என் ஆய்வேட்டை நான் எழுதவில்லையாம். வேறு யாரோ எழுதினார்களாம், நான் பெயரை மட்டும் போட்டுக் கொண்டேனாம். துறைத் தலைவர் தன் அறையில் உட்கார வைத்து இதைச் சொன்னபோது, மருத்துவமனை அடையாள அட்டை இன்னும் என் கழுத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி, நாலு மாடி ஏறி வந்தவளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அந்த மனுஷன் இதைச் சொன்னார்.

"பட்டம் கொடுக்கறதுக்கு முன்னாடி விசாரிச்சே ஆகணும்மா. அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த திங்கட்கிழமை வாங்க. உங்க நோட்டு, கைப்பிரதி எல்லாம் எடுத்துட்டு வாங்க. சாட்சி இருந்தா கூட்டிட்டு வரலாம்."

"யார் சார் சொன்னது?"

"எழுத்துமூலமா ஒரு புகார் வந்திருக்கு. பேர் சொல்ல எனக்கு உரிமையில்ல."

அவர் சொல்லவே வேண்டாம். மேசை மேல் கிடந்த தாளில், கொழுக்கு மொழுக்கென்ற அந்தக் கையெழுத்து எனக்குத் தலைகீழாகவே தெரிந்தது. ஆறு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் குறிப்புகளை வாங்கிப் பார்த்து எழுதிய பேங்க்காரம்மாவின் கையெழுத்து.

ஆறு வருஷம்! நாற்பது வயதில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரையும் போல எனக்கும் சின்ன வயதிலிருந்து குர்ஆன் ஓதத் தெரியும். ஓதுவதற்கு அர்த்தம்தான் தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் நாள் முழுக்க நோயாளிகளின் கோப்புகளை எடுத்தும் வைத்தும் கொண்டிருக்கிறவளுக்கு, யாரோ எழுதியதைப் புரியாமல் சுமப்பது வேலையோடு போகட்டும் என்று தோன்றியது. இஸ்லாமும் அரபு மொழியும் என்று பல்கலைக்கழகத்தில் மாலைப் படிப்பு இருப்பதை அறிந்து போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார்: "இங்க நீங்க நம்பறீங்களா இல்லையான்னு கேக்க மாட்டோம். எதை வெச்சுச் சொல்றீங்கன்னு மட்டும் கேப்போம்." அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அந்தப் படிக்கட்டில் ஆறு வருஷம் மூச்சு வாங்கினேன். காய்ச்சலோடு போனேன். நாத்தனார் மகள் கல்யாணத்தில் பாதிப் பந்தியில் எழுந்து தேர்வு எழுதப் போனேன்.

அந்தப் பட்டத்தைத்தான் ஒரு வாய்ச்சொல் பிடுங்கப் பார்த்தது. விடுவேனா? யார் முதலில் வாயைத் திறந்தாரோ அவரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக் கொள்கிற மாதிரிக் கேட்காவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதே கறுவிக் கொண்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூட முடியாதுதான், ஆனால் எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க முடியும். என் ஆய்வேடே அதைப் பற்றித்தான். நபிமொழி நூல்களில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் ஒரு பெயர் வரிசை இருக்கும்: இவர் அவரிடம் கேட்டார், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று. அந்த வரிசையில் இருக்கிற அறிவிப்பாளர் ஒவ்வொருவரையும் பிடித்து விசாரிக்க வேண்டும். இருவரும் நேரில் சந்தித்தவர்களா? ஒருவர் சாகும்போது மற்றவருக்கு என்ன வயது? ஞாபகம் எப்படி, நாணயம் எப்படி? ஒரே செய்தி நாலு வழியாக வந்தால், நாலு வழியும் எந்த ஆளிடம் போய்ச் சேர்கின்றன? ஆயிரம் வருஷத்துக்கு முந்தியவர்களையே இப்படிக் குடைந்தவளுக்கு, உயிரோடு இருக்கிறவர்கள் எந்த மூலைக்கு?

பேங்க்காரம்மாவை வகுப்பு வாசலிலேயே பிடித்தேன்.

"புகார் எழுதினது நீங்கதான்னு தெரியும். சண்டை போட வரல. யார் சொல்லிக் கேட்டீங்க?"

அவள் முகம் வெளுத்தது. "என் தங்கச்சி சொன்னா. உங்க ஆஸ்பத்திரியிலதானே நர்ஸா இருக்கா. நாம எல்லாம் கஷ்டப்பட்டு எழுதறோம், ஒருத்தர் மட்டும் இப்படின்னா நியாயமா சொல்லுங்க?"

"நியாயத்தை அப்புறம் பேசுவோம்" என்று திரும்பினேன்.

மறுநாள் நர்ஸ் தங்கச்சி, எக்ஸ்ரேக்காரர் சொன்னதாகச் சொன்னாள். எக்ஸ்ரேக்காரர் என்னைக் கண்டதும் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என் பொண்ணு கல்யாணக் கார்டு அடிக்கப் போனேங்க. அச்சுக்கடையில பேசிக்கிட்டாங்க."

"எந்த அச்சுக்கடை?"

"உங்க வீட்டுக்காரர் வேலை பாக்கற கடைதான்."

"யார் பேசினது?"

"அது சரியா ஞாபகம் இல்லீங்க" என்று துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நல்ல மனுஷர், ஞாபகம் மட்டும் மோசம் என்று என் தாளில் குறித்துக் கொண்டேன்.

அன்று சாயங்காலமே இரண்டாவது வழி தானாக வந்து மடியில் விழுந்தது. நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க ஏதோ எழுதினது உங்களது இல்லைன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரே, நிஜமா?" அவள் வீட்டுக்காரருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். கடைக்கு பில் புத்தகம் அடிக்கப் போன இடத்தில் கேட்டாராம். எந்த இடம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பேர், இரண்டு வழி, சேருமிடம் ஒன்று.

முதலாளிதான் என்று முடிவு கட்டினேன். அந்த அச்சுக்கடை முதலாளிக்கு வாய் கொஞ்சம் நீளம். சனிக்கிழமை, என் வீட்டுக்காரர் சரக்கு கொடுக்க வெளியே போகிற நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் யார்கிட்டம்மா சொல்லப் போறேன்? உங்க வீட்டுக்காரர்தான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றாரே. 'பேர்தான் அவளோடது, எழுதினது எல்லாம் நான்தான்'னு. நாங்க விளையாட்டுக்குச் சொல்றார்னு நினைச்சோம்."

அந்தக் கடையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்றுதான் இருபத்திரண்டு வருஷமாக நினைத்திருந்தேன். வியாழக்கிழமை நான் அழுதுகொண்டு வந்தபோது, "விடும்மா, நீ எழுதினதுன்னு படைச்சவனுக்குத் தெரியும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாரே! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை இதுதான்.

என் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்தது அவர்தான். அதை நான் மறுக்கவில்லை. கல்யாணக் கார்டு, ரசீது, நோட்டீஸ் என்று மூன்று மொழியில் தட்டச்சு செய்கிற கை. நான் நோட்டில் எழுதிக் கொடுப்பேன், அவர் கடை வேலை முடிந்ததும் அடித்துக் கொண்டுவருவார். அரபு எழுத்தைப் படம் பார்ப்பது போலப் பார்த்து அடிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அவருக்கும் ஓதத் தெரியும், ஆனால் ஓதுகிற பிரதியில் எழுத்துக்கு மேலும் கீழும் உச்சரிப்புக் குறிகள் இருக்கும். அறிஞர்கள் எழுதிய பழைய நூல்களில் அந்தக் குறிகள் கிடையாது. மொழி தெரியாதவன் அங்கே ஒரு வரிகூட வாசிக்க முடியாது. எனக்கே அது பிடிபட மூன்று வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர், நான் எழுதினேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாரா? சொல்லட்டும். பேராசிரியர்கள் முன்னால் வாசித்தும் காட்டட்டும்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது நாள். என் வாயை நானே கட்டிப்போட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவர் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தேன், தட்டு வைத்தேன், மருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் செய்யும்போது திங்கட்கிழமையை நினைத்து மனசுக்குள் சிரித்துக் கொண்டேன். பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்: "நாளைக்கு நீங்களும் வாங்க. சாட்சி வேணுமாம்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "நானா? நான் அங்க வந்து என்ன பேசுவேன்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும்."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்த நல்ல சட்டையைப் போட்டுக் கொண்டு வந்தார். பஸ்ஸில் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டேன்.

விசாரணை அறையில் மூன்று பேர்: துறைத் தலைவர், என் வழிகாட்டிப் பேராசிரியர், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா. என் வீட்டுக்காரரை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பதினாறு நோட்டுகளையும் மேசை மேல் அடுக்கினேன். தேர்வாளர் அம்மா பழைய நூல் ஒன்றை நடுவில் பிரித்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன், பொருள் சொன்னேன். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். துறைத் தலைவர் கோப்பை மூடிவிட்டார்.

"எங்களுக்குத் திருப்திம்மா. இது உங்க உழைப்புதான். புகாரைத் தள்ளுபடி பண்ணிடறோம். நீங்க போகலாம்."

போயிருக்கலாம். பட்டம் கைக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் எதற்கு ஏறினேனோ அது கிடைத்துவிட்டது. சலாம் சொல்லி எழுந்து வந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதையே இல்லை.

"சார், இந்தப் பேச்சைக் கிளப்பினவர் வெளிய உக்காந்திருக்கார். கூப்பிடணும்" என்றேன்.

"அது தேவையில்லம்மா" என்றார் என் வழிகாட்டி.

"எனக்குத் தேவை சார். எதை வெச்சுச் சொல்றேன்னு கேக்கணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. நான் கேட்டேன்: "என் ஆய்வேட்டை நீங்கதான் எழுதினதா கடையில சொன்னீங்களா?"

தரையைப் பார்த்தார். "சொன்னேன்."

"யார் யார்கிட்ட?"

"கணக்கு வெச்சுக்கல."

"அப்போ வாசிங்க" என்று ஆய்வேட்டைப் பிரித்து அவர் கையில் திணித்தேன். மூன்றாம் அத்தியாயம், இருக்கிறதிலேயே கடினமான பக்கம். பாதிப் பக்கம் அரபு மேற்கோள், ஒரு குறியும் இல்லாமல். "நீங்க எழுதினதுதானே? இவங்க முன்னாடி வாசிங்க. வாசிச்சு அர்த்தமும் சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் ஒன்பது நாள் காத்திருந்தேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு அவர் வாசித்தார்.

முதல் வரி மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் குரல் நேரானது. மூன்றாவது வரிக்கு மேல் தடங்கலே இல்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தி, எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்து, பக்கம் முடிகிறவரை வாசித்தார். அர்த்தமும் சொன்னார், எளிமையாக, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற தமிழில். தேர்வாளர் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

"எங்க படிச்சீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"படிக்கல மேடம். வகுப்பை எல்லாம் இவ போன்ல பதிவு பண்ணிட்டு வருவா. கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்கன்னு என்கிட்ட கொடுப்பா. ஏத்தறப்போ கேப்பேன். அப்புறம் வேலை செய்யறப்பவும் காதுல மாட்டிக்கிட்டு கேப்பேன். ஆறு வருஷம் கேட்டேன்."

"இந்தப் பக்கத்துக்குக் கீழ ஒரு குறிப்பு இருக்கே, நாற்பத்தொண்ணு. அது என்னன்னு தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். அந்த அம்மாவும் என் பக்கம் திரும்பினார். "உங்க ஆய்வேட்டுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் குறிப்புதான். ஒரே பேருல ரெண்டு அறிவிப்பாளர்கள். ஒருத்தர் துணி வியாபாரி, ஒருத்தர் எண்ணெய் வியாபாரி. எல்லாரும் துணிக்காரர்னுதான் எழுதுவாங்க. துணிக்காரரா இருந்தா உங்க அத்தியாயமே நிக்காது. நீங்க மட்டும் சரியா எண்ணெய்க்காரரைப் பிடிச்சிருக்கீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

என் வழிகாட்டியும் முன்பு இதே குறிப்பைப் பாராட்டியிருந்தார். சந்தோஷமாகத் தலையாட்டி வாங்கிக் கொண்டேன். இப்போது எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "நோட்டுல இருக்கும் மேடம்" என்றேன்.

அந்த அம்மாவே பதினொன்றாவது நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். மேசை மேல் ஆய்வேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என் கையெழுத்தில், என் நீல மையில், துணிக்காரர் என்று இருந்தது. அச்சில் எண்ணெய்க்காரர்.

நான் சாட்சிக்கென்று தூக்கி வந்த நோட்டு அது.

துறைத் தலைவர் மூடிய கோப்பை மறுபடி திறந்தார். "இதை மாத்தினது யாரு?" என்றார்.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "நான்தான் சார். கடைசியில இருக்கற பட்டியல்ல எல்லாரோட பிறந்த வருஷம், இறந்த வருஷம் அடிச்சேன். துணிக்காரர் இறந்தப்போ, அவர்கிட்ட பாடம் கேட்டதா வரிசையில வர்ற மாணவருக்கு ரெண்டே வயசு. ரெண்டு வயசுப் பிள்ளை எப்படி சார் பாடம் கேக்கும்? இவ எடுத்துட்டு வந்திருந்த நூலகப் புத்தகத்துல தேடினேன். நாலு நாள் ஆச்சு. அதே பேருல எண்ணெய்க்காரர் ஒருத்தர் இருந்தாரு, வருஷமும் சரியா இருந்துச்சு. மாத்திட்டேன்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"சொன்னேனே. 'உங்களுக்கு என்ன தெரியும், அடிக்கற வேலையை மட்டும் பாருங்க'ன்னு சொன்ன."

சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன், சொன்னேன். துணி மடித்துக் கொண்டிருந்தேன். பக்கங்களைக் கையில் வைத்துக் கொண்டு வாசலில் நின்றார். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் துறைத் தலைவரிடம் திரும்பினார். "எல்லாம் நான் எழுதினேன்னு சொன்னது பொய் சார். பெருமைக்குச் சொல்லிட்டேன். முழுக்க இவ உழைப்பு. அந்த ஒரு இடம் மட்டும்தான் நான்."

மூவரும் குனிந்து பேசிக் கொண்டார்கள். பிறகு துறைத் தலைவர் சொன்னார்: "ஆய்வேடு உங்களோடதுதான்மா. அதுல சந்தேகமில்ல. ஆனா இந்தக் குறிப்பு உங்களோடது இல்ல. அது இல்லாம அந்த அத்தியாயமும் இல்ல. இது யார்கிட்டருந்து வந்துச்சுன்னு எழுதிச் சேர்த்துட்டுக் கொண்டு வாங்க. மூணு மாசம் டைம். அதுவரைக்கும் பட்டத்தை நிறுத்தி வைக்கறோம்."

நானே கூப்பிட்டு நிற்க வைத்த சாட்சி. நானே பிரித்துக் கொடுத்த பக்கம்.

வெளியே வந்து படிக்கட்டுத் திருப்பத்தில் அவரை மறித்தேன். "வீட்டுல சண்டை போட்டிருக்கலாம். ஊரெல்லாம் போய் என் பேரைக் கெடுக்கணுமா?"

"தப்புதான். புகார்னு நீ அழுதப்பவே என் வாயாலதான்னு தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்க தைரியம் வரல." படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டார். "நன்றி சொல்ற பக்கத்தையும் நான்தான் அடிச்சேன். இருபத்தொரு பேரு. லைப்ரரி வாட்ச்மேன் பேரு இருந்துச்சு. உனக்கு பஸ்ல இடம் பிடிச்சுக் கொடுத்த அம்மா இருந்தாங்க. ரெண்டு தடவை தேடிப் பாத்தேன், அடிக்கறப்போ என் பேரை நானே விட்டுட்டேனான்னு."

எனக்குச் சொல்ல ஒன்பது நாளாக எத்தனையோ தயாராக இருந்தது.

"இதையும் அடிச்சுக் கொடுத்திடுங்க, அடுத்த வாரமே கொடுத்திடலாம்" என்று மட்டும்தான் சொன்னேன்.

"மாட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் சொன்ன முதல் மாட்டேன். "மூணு மாசம் இருக்கே. நீயே அடிச்சுக்கோ." மீதிப் படிகளை எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.

இரண்டு மாதம் வீம்பு பிடித்தேன். மனுஷன் அசையவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், பதிவேட்டுப் பிரிவில் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எனக்குத் தட்டச்சு தெரியாது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். முதலில், தட்டச்சு செய்து உதவிய என் கணவருக்கு நன்றி என்று அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். பிறகு இப்படி அடித்தேன்: 'நாற்பத்தோராவது அடிக்குறிப்பில் உள்ள கண்டுபிடிப்பு என் கணவருடையது. நான் தவறாக எழுதியிருந்ததை அவர் திருத்தினார். அதை அவர் என்னிடம் சொல்ல வந்தபோது நான் கேட்கவில்லை.'

அந்த மூன்று வரிக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போய்விட்டது.